அரசு போட்ட விதியை எதிர்த்து எங்கே, எப்படி வழக்குப் போடுவது?

2017 மே 23-ஆம் தேதி மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்கென்று புது விதிகளை அரசிதழில் வெளியிட்டது. சந்தைக்கு மாடு ஓட்டி வருபவர், அதை இறைச்சிக்காக விற்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவரும் வெட்ட மாட்டேன் என்று உறுதி தர வேண்டும். பசு, காளையோடு நிற்கவில்லை. எருமை, ஒட்டகம்வரை அதில் அடக்கம். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடித்துக் கேரளாவுக்கு ஏற்றிவிடும் வியாபாரிக்கும், ஏருக்கு உதவாத கிழமாட்டை விற்றுவிட்டு இளங்கன்று வாங்க நினைக்கும் விவசாயிக்கும் பிழைப்பில் மண் விழுந்தது போலாயிற்று.

ஒரு வாரம்தான். மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளில் முக்கியமான பகுதிகளுக்கு 4 வாரம் இடைக்காலத் தடை போட்டது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது. விதிகளை மறுபடி பரிசீலித்துப் புதிதாக வெளியிடுவோம் என்று மத்திய அரசே நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? மனுவில் உணவு உரிமை, மத உரிமை எல்லாம் இருந்தன. ஆனால் அடிப்படை வாதம் மிக எளிமையானது. இந்த விதிகள் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் போடப்பட்டவை. அந்தச் சட்டமோ உணவுக்காக விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்கவில்லை; மத வழக்கப்படி கொல்வது குற்றமாகாது என்று 28-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. தாய்ச் சட்டம் அனுமதிக்கும் ஒன்றை, அதன் கீழ் வந்த விதி பின்வாசல் வழியாகத் தடுக்க முடியுமா? இந்தக் கேள்வியை, அதைக் கேட்க அதிகாரமுள்ள நீதிமன்றத்தில், விதி வந்த கையோடு கேட்டார்கள்.

அரசின் ஒரு முடிவால் அடிபட்டவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு அநியாயம் என்பதில்தான் தொடங்குவார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் நீதிமன்றம் முதலில் கேட்பது வேறு: உங்கள் கையில் இருக்கும் தாள் என்ன? அது சட்டமா, விதியா, அரசாணையா, சுற்றறிக்கையா, உங்கள் பெயருக்கு வந்த உத்தரவா? எந்த நீதிமன்றம், என்ன வகை மனு, எத்தனை நாள் அவகாசம், எந்த வாதம் எடுபடும் என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் பதிலைப் பொறுத்தவை. அதனால் இந்தக் கட்டுரையில் அதிக இடம் அதற்குத்தான்.

தாளைப் படிப்பது

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ நிறைவேற்றுவது சட்டம். எல்லா விவரத்தையும் சட்டத்திலேயே எழுத முடியாது என்பதால், 'இதற்கான விதிகளை அரசு வகுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு பிரிவு இருக்கும். அந்தப் பிரிவின் பலத்தில் அரசு போடுவது விதி. மின்சார ஒழுங்குமுறை ஆணையம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போன்ற அமைப்புகள் அதே மாதிரி போடுவது ஒழுங்குமுறை. இவை எல்லோருக்கும் பொதுவானவை. அரசிதழில் வந்தாக வேண்டும்.

அப்புறம் அரசாணை. இதில்தான் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் அரசாணை என்பது ஒரு உறை மாதிரி. உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். சில அரசாணைகள் விதியையே திருத்துகின்றன. சில, சட்டத்தின் துணையில்லாமல் அரசின் நிர்வாக அதிகாரத்தில் எடுத்த கொள்கை முடிவுகள். சில, ஒரே ஒருவரை இடமாற்றம் செய்யும் உத்தரவுகள். எண்ணையும் தேதியையும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, உள்ளே போய்ப் படிக்க வேண்டும். சுற்றறிக்கை இவை எல்லாவற்றுக்கும் கீழே நிற்பது. அதிகாரிகளுக்கான வழிகாட்டுதல் அவ்வளவுதான். அது விதியோடு மோதினால் விதிதான் நிற்கும்.

படிக்கும்போது முதலில் தேட வேண்டியது, 'இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு வழங்கும் அதிகாரத்தைச் செலுத்தி' என்று தொடங்கும் வரி. விதியையோ ஒழுங்குமுறையையோ வெளியிடும் அரசிதழ் அறிவிக்கையின் தலைப்பகுதியில் இது இருக்கும். மாட்டுச் சந்தை விதிகளில் அந்த வரி 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவைக் காட்டியது. அந்தப் பிரிவை எடுத்துப் படியுங்கள். என்னென்ன விஷயங்களுக்கு விதி போடலாம் என்று அங்கே பட்டியல் இருக்கும். உங்களைப் பாதித்த விதி அந்தப் பட்டியலுக்குள் அடங்குகிறதா? அடங்கவில்லை என்றால் பாதி வழக்கு அங்கேயே இருக்கிறது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால் அதுவும் முக்கியமான தகவல்தான்: சட்டத்தின் துணையில்லாத ஒரு நிர்வாக உத்தரவை வைத்து உங்கள் உரிமையைப் பறிக்கிறார்களா என்று கேட்கலாம்.

சில சமயம் கையில் இருப்பது வரைவு விதியாகவே இருக்கும். ஆட்சேபங்களை இத்தனை நாளுக்குள் அனுப்பலாம் என்று அதில் போட்டிருப்பார்கள். வரைவை எதிர்த்து நீதிமன்றம் போனால் 'இன்னும் எதுவும் முடிவாகவில்லையே' என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பே அதிகம். ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு விதி இறுதியானால், அந்த ஆட்சேபத்தைப் பரிசீலித்தார்களா என்பதே ஒரு வாதமாகும்.

விதி வேறு, உத்தரவு வேறு

உங்கள் கடை உரிமத்தை ரத்து செய்து ஒரு உத்தரவு வருகிறது. 'என்னைக் கேட்காமலே ரத்து செய்துவிட்டார்கள்' என்பது வலுவான வாதம். ஆனால் எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும் ஒரு விதி வந்தால், 'என்னைக் கேட்கவில்லை' என்ற வாதம் பொதுவாக எடுபடாது. விதி போடுவது சட்டமியற்றுவதைப் போன்ற வேலை, அதில் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்க வேண்டியதில்லை என்பது 1987-இல் மருந்து விலை நிர்ணய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய்ச் சட்டமே கருத்துக் கேட்கச் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு.

சரி, விதியின் அடிப்படையில் உத்தரவும் வந்துவிட்டால்? இரண்டையும் சேர்த்துத் தாக்க வேண்டும். உத்தரவை மட்டும் எதிர்த்துவிட்டு விதியைத் தொடாமல் விட்டால், 'விதி இருக்கிறது, அதன்படி அதிகாரி நடந்திருக்கிறார், இதில் என்ன தவறு?' என்று நீதிபதி கேட்பார். பதில் இருக்காது. மாறாக, விதி சரிதான், அதிகாரி அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பது உங்கள் வாதமானால், விதியை இழுக்கவே வேண்டாம். தேவையில்லாமல் விதியை எதிர்ப்பது சின்ன வழக்கைப் பெரிய வழக்காக்கி, ஆண்டுக்கணக்கில் நீட்டிவிடும்.

தீர்ப்பாயமா, உயர் நீதிமன்றமா?

தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். மின்சாரம், தொலைத்தொடர்பு, சுற்றுச்சூழல், வரி என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு தீர்ப்பாயம் இருப்பதால், அந்தத் துறையின் எல்லாச் சண்டையும் அங்கேதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கட்டண உத்தரவு போட்டால், 45 நாளுக்குள் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அதே ஆணையம் ஒரு ஒழுங்குமுறையை வெளியிட்டு, அதுவே செல்லாது என்று நீங்கள் சொன்னால், அந்தத் தீர்ப்பாயம் அதைக் கேட்க முடியாது. 2010-இல் பி.டி.சி. இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்த்துவைத்தது: ஒழுங்குமுறை செல்லுமா என்பதை உயர் நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்கும் அப்படித்தான் என்று 2013-இல் பி.எஸ்.என்.எல். வழக்கில் தீர்ப்பானது. அதனால்தான், பேச்சு பாதியில் அறுந்தால் ஒரு அழைப்புக்கு 1 ரூபாய் வீதம் நாளொன்றுக்கு 3 ரூபாய்வரை இழப்பீடு தர வேண்டும் என்று டிராய் போட்ட ஒழுங்குமுறையை எதிர்த்த செல்போன் நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அங்கே தோற்று, 2016 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தன.

சுற்றுச்சூழலில் நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் தூத்துக்குடி. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபின், 2018 மே 28 அன்று தமிழ்நாடு அரசு ஸ்டெர்லைட் ஆலையை நிரந்தரமாக மூட ஆணையிட்டது. நிறுவனம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. டிசம்பரில் தீர்ப்பாயம் அரசாணையை ரத்து செய்தது. ஆனால் 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பாயத்துக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று அந்தத் தீர்ப்பை ஒதுக்கித் தள்ளியது. ஆலை நல்லதா கெட்டதா என்பதற்குள்ளேயே போகவில்லை. சட்டத்தின் கீழ் வந்த விதிகளைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கிடையாது என்று அதே தீர்ப்பில் சொன்னது. நிறுவனம் மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்கி, 2020 ஆகஸ்ட் 18 அன்று தோற்றது. பெரிய வக்கீல்கள், பெரும் பணம் எல்லாம் உள்ள நிறுவனத்துக்கே இப்படி என்றால், சாதாரண மனிதர் தவறான இடத்தில் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்கிறீர்களா, பசுமைத் தீர்ப்பாயம். அந்த அனுமதி நடைமுறையையே வகுக்கும் அறிவிக்கையை எதிர்க்கிறீர்களா, உயர் நீதிமன்றம். ஜி.எஸ்.டி.யிலும் இதே கணக்கு. உங்களுக்கு வந்த வரி விதிப்பு உத்தரவுக்கு 3 மாதத்துக்குள் துறை மேல்முறையீடு. விதியே செல்லாது என்றால் உயர் நீதிமன்றம்.

ஒரே ஒரு முக்கியமான விலக்கு உண்டு. மத்திய அரசு ஊழியர் தன் பணி விதியை எதிர்க்க நினைத்தால் நேராக உயர் நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். 1997-இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, இந்தத் தீர்ப்பாயம் விதிகளின் செல்லுபடியையும் பார்க்கலாம், அதன் முடிவை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பரிசீலிக்கலாம் என்று வகுத்தது. அங்கே பொதுவாக 1 வருடத்துக்குள் போய்விட வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்காகத் தமிழ்நாட்டில் இருந்த தீர்ப்பாயம் கலைக்கப்பட்டுவிட்டதால், அவர்கள் நேராக உயர் நீதிமன்றம் போகிறார்கள்.

உயர் நீதிமன்றத்துக்குள் போனபின்

அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் போடுவது ரிட் மனு, அதாவது அரசுக்கோ அதிகாரிக்கோ எதிராக நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்று கோரும் மனு. திருச்சி, தஞ்சாவூர், கரூர் தொடங்கிக் கன்னியாகுமரிவரை உள்ள மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை. விதி டெல்லியில் போடப்பட்டது என்பதற்காக டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. அதன் பாதிப்பு இங்கே நடந்தால் இங்கேயே வழக்குப் போடலாம். ஆனால் பாதிப்பு ஒன்று இருந்தாக வேண்டும். சட்டம் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தை வைத்து வெறும் காற்றில் வழக்கு நடத்த முடியாது என்பது 2004-இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மனுவின் கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்கும் பத்தியை வக்கீல்கள் 'பிரேயர்' என்பார்கள். ஒரு உத்தரவை எதிர்க்கும்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கமாகக் கேட்பது 'சர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்'. ஆவணங்களை வரவழைத்து, உத்தரவை ரத்து செய்து, அதோடு இன்னதைச் செய் என்று ஆணையிடவும் சொல்லும் இரட்டைக் கோரிக்கை இது. விதியை எதிர்க்கும்போது கேட்பது விளம்புகை ரிட்: 'இன்ன விதிகளின் இன்ன எண் விதி, இன்ன சட்டத்தின் இன்ன பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று அறிவிக்க வேண்டும்.' விதி எண்ணைத் துல்லியமாகப் போடுவது முக்கியம். 50 விதிகளில் உங்களைத் தொடுவது 2 என்றால் அந்த 2 மட்டும் போதும். ரிட்டின் பெயர் மாறிப்போனால் மட்டும் மனு தள்ளுபடியாகிவிடாது, நீதிமன்றம் கோரிக்கையைத் திருத்தி வார்த்துக்கொள்ளலாம். ஆனால் விதியை எதிர்க்கவே மறந்திருந்தால் அதை யாரும் சேர்த்துத் தர மாட்டார்கள். விதி செல்லாது என்று கேட்கும் மனுக்களைப் பொதுவாக இரு நீதிபதிகள் அமர்வு கேட்கும். தனி உத்தரவுகள் பற்றியவை தனி நீதிபதியிடம் போகும்.

எதிர்மனுதாரராக யாரைச் சேர்ப்பது? விதியைப் போட்டவரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மாநில விதி என்றால் தமிழ்நாடு அரசு, சம்பந்தப்பட்ட துறைச் செயலர் மூலமாக, தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை என்று வரும். உள்ளூர் தாசில்தாரை மட்டும் சேர்த்துவிட்டு, கோட்டையில் போட்ட விதியை ரத்து செய்யச் சொல்ல முடியாது.

நேரடியாக அடிபட்டவர் தன் பெயரிலேயே மனு போடுவது நல்லது என்பது என் கருத்து. பொதுநல வழக்கு என்று போட்டால் கௌரவமாகத் தோன்றலாம். ஆனால் அதற்கென்று தனி நிபந்தனைகள் உண்டு: மனுதாரருக்குச் சொந்த ஆதாயம் இருக்கக் கூடாது, நோக்கத்தைப் பிரமாணப் பத்திரத்தில் விளக்க வேண்டும். அரசுப் பணி தொடர்பான விவகாரங்களில் பொதுநல வழக்கு பெரும்பாலும் நிற்காது. அடிபட்டவர்கள் தாங்களே நீதிமன்றம் வர முடியாத நிலையில் இருக்கும்போதும், பாதிப்பு ஊர் முழுக்கப் பரவியிருக்கும்போதும்தான் பொதுநல வழக்கின் அருமை தெரியும். மாட்டுச் சந்தை வழக்கு அந்த வகை.

நேராக உச்ச நீதிமன்றம் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: அதற்கு வழி தரும் அரசியல் சாசனத்தின் 32-ஆம் பிரிவு அடிப்படை உரிமைக்கு மட்டும்தான். விதி தாய்ச் சட்டத்தை மீறுகிறது என்ற வாதத்துக்கு 226-தான் அகலமான வழி. போனாலும் 'முதலில் உயர் நீதிமன்றம் போங்கள்' என்று அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குப் போடும் வழியும் இருக்கிறது. ஆனால் அரசுக்கு 2 மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், சாட்சி விசாரணை நடக்கும், காலம் போகும். பட்டா, எல்லை போன்ற உண்மைத் தகராறுகளுக்கு அது பொருத்தம். விதியை வீழ்த்துவதற்கு அல்ல.

எந்த வாதம் நிற்கும்?

2003-இல் தமிழ்நாடு அரசு, ஆற்று மணலை இனி அரசே அள்ளும் என்று கனிம விதிகளில் 38-ஏ என்ற விதியைச் சேர்த்தது. குத்தகைதாரர்களின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2006-இல் வந்த அந்தத் தீர்ப்பு, விதியை எதிர்ப்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்தித் தந்தது: போட்டவருக்கு அதிகாரமே இல்லை, அடிப்படை உரிமையை மீறுகிறது, அரசியல் சாசனத்தின் வேறு பிரிவை மீறுகிறது, தாய்ச் சட்டத்தைத் தாண்டுகிறது, வேறொரு சட்டத்தோடு மோதுகிறது, எந்த நியாயமான சட்டமியற்றுநரும் நினைத்திருக்க முடியாத அளவுக்கு வெளிப்படையாகத் தன்னிச்சையானது. இந்த ஆறில் எதுவும் இல்லாமல், 'இதைவிட நல்ல விதி போட்டிருக்கலாம்' என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் தலையிடாது. கொள்கை நல்லதா என்பதை அரசின் பொறுப்பில் விட்டுவிடும். அதை மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்ற உறுப்பினரையும் மக்கள் மன்றத்தையும் நாட வேண்டியதுதான்.

காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் கெடு இல்லை. அதை நம்பி ஆறப்போடாதீர்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள், சரியான காரணம் இல்லையென்றால் அதற்காகவே தள்ளுபடி செய்யலாம். வேலைத் தேர்வு விதிகளில் இது இன்னும் கடுமை: விதியைத் தெரிந்துகொண்டே தேர்வெழுதி, பட்டியலில் பெயர் வராதபின் விதி தப்பு என்று வந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் காது கொடுக்காது. அறிவிக்கை வந்தவுடனேயே போக வேண்டும்.

இடைக்காலத் தடை கேட்கும்போதும் யதார்த்தமாக இருங்கள். விதி செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். புகையிலைக் கடை விளம்பர விதிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் பின்னர் விலக்கியது. மதுரையில் கிடைத்தது போல ஒரே வாரத்தில் தடை கிடைப்பது அபூர்வம். தாய்ச் சட்டத்தோடு முரண் பளிச்சென்று தெரிந்தால்தான் வாய்ப்பு. முழு விதிக்கும் தடை கேட்பதைவிட, வழக்கு முடியும்வரை உங்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று கேட்பது சில சமயம் எளிதில் கிடைக்கும்.

தனி நீதிபதியிடம் தோற்றால் 30 நாளுக்குள் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் மேல்முறையீடு செய்யலாம். அமர்விலும் தோற்றால் 90 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது அரசிதழ் அறிவிக்கையின் முழு நகல், தாய்ச் சட்டம், உங்களுக்கு வந்த உத்தரவு அல்லது நோட்டீஸ், அது கைக்கு வந்த தேதிக்கான ஆதாரம், நீங்கள் அனுப்பிய மனுக்கள், அவற்றின் ரசீது ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பத்திரிகைச் செய்தியின் வெட்டுத் துண்டு போதாது. அறிவிக்கை கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்று விட்டுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுவிலோ, உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ விண்ணப்பம் கொடுத்தால் போதும்.